அத்தை தேர்ந்தெடுத்த பாடம்

என்னைக் கல்லூரியில் சேர்த்தது என் அப்பா இல்லை, எனக்கு வரப்போகிற மாமியார். தொண்ணூற்று ஆறில் பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அது பெரிய பேச்சு. "கல்யாணத்துக்கு முந்தியே மருமகளப் படிக்க வெக்கிற சம்மந்தி எந்த ஊர்லீங்க கெடைக்கும்?" என்று அப்பா தேங்காய்க் களத்துக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்து போனார். என்ன படிப்பது என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். மனித மேம்பாடு. பிறந்த குழந்தையிலிருந்து கிழடாகிற வரை மனுசன் எப்படி வளர்கிறான் என்கிற படிப்பு. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. படித்து முடித்துப் பொள்ளாச்சியில் ஒரு பாலர் பள்ளி நடத்த வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மாப்பிள்ளையை ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். பெயர் மயில்சாமி. சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு செய்கிற பட்டறைக்காரர் வீட்டு ஒரே பையன். கோயில் மண்டபத்தில் வைத்துப் பெண் பார்த்தார்கள். நாங்கள் போனபோது அவர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கிளம்பும்போதும் உட்கார்ந்தேதான் இருந்தார். "ராகு காலம் வந்துருமுங்க, நீங்க மொதல்ல கெளம்புங்க" என்று அவருடைய அம்மா ராசாத்தாள் எங்களை அனுப்பிவிட்டார்.

மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்றார் அப்பா. ஆள் எப்படி, உடம்பு எப்படி என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம். எங்கள் பக்கத்து மனுசர்களுக்கு மரியாதை என்று வந்துவிட்டால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வாரமே உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டார்கள். உப்பும் சர்க்கரையும் கை மாறிவிட்டால் எங்களில் நிச்சயம் முடிந்தது. அதற்குமேல் பேச்சு மாறினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

முதல் செமஸ்டருக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய அன்று அப்பாவும் நானும் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் போய் இறங்கினோம். கல்லூரி வாசலில் அவர்களுடைய பச்சை அம்பாசடர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது.

"வாங்கண்ணா, வா அம்மணி" என்று ராசாத்தாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பையனும் வந்திருக்கறானுங்க. வண்டியிலயே இருக்கட்டும். அவன ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும்." அப்பா காரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். உள்ளே இருப்பவர் தெரிகிறாரா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

பெட்டியை விடுதி வராந்தாவில் வைத்துவிட்டு, அப்பாவை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, அத்தையும் நானும் உள்ளே போனோம். துறையில் சுகந்தா மேடம் என்று ஒருவர் புதுப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் பொதுவான பாடங்கள் போக, நாமாக இரண்டு எடுக்க வேண்டும். பாலர் கல்வி, வளரிளம் பருவம், குடும்ப உறவுகள், சிறப்புப் பராமரிப்பு என்று நான்கு இருந்தன.

"பாலர் கல்வியும் வளரிளம் பருவமும் மேடம்" என்றேன். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்து வைத்திருந்தேன்.

"அந்தக் கடைசில சொன்னீங்களே, அதென்னங்க?" என்று அத்தை குறுக்கே விழுந்தார்.

"தன் வேலையைத் தானே செய்துக்க முடியாதவங்களைப் பார்த்துக்கிறது பத்தின பாடம்மா. முதல் வருஷப் பொண்ணுங்க பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகணும்."

"அதையே போட்டுக்குங்க. வளரிளம் இவளுக்கு எதுக்குங்க? இவளே வளந்துட்டா." அத்தை சிரித்தார். மேடமும் மரியாதைக்குச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். வரப்போகிற மாமியாரை முதல் நாளே எதிர்த்துப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பாவின் ரத்தம், வேறென்ன. மேடம் அத்தை சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

அதோடு அத்தை எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, கட்டில்லயே கெடந்தா முதுகுல புண்ணு வருமாமே, அது வராம எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லித் தருவீங்களா?"

"தருவோம்."

"கொஞ்சங் கொஞ்சமா கையுங் காலும் போறவங்களுக்குச் சோறு ஊட்டறதெல்லாம்?"

"அதுவும் உண்டு. ஏம்மா, வீட்ல பெரியவங்க யாராவது..."

அத்தை என் பக்கம் திரும்பினார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தோளில் ஒரு கணம் கண் நின்றது. "ஒரு ஆம்பளையாளத் தூக்கி உக்கார வெக்கறதுக்கு இவ ஒடம்பு தாங்குமுங்களா?" என்று கேட்டார்.

ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர் உட்கார்ந்தபடியே கண்முன் வந்தார். அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை.

"தண்ணி குடிச்சுட்டு வாரனுங்க அத்தை" என்று எழுந்து வெளியே வந்தேன். நேரே காருக்குப் போய்ப் பின் கண்ணாடியைத் தட்டினேன். டிரைவர் சென்னிமலை பதறிப்போய்த் திரும்பினார். மயில்சாமிதான் கண்ணாடியை இறக்கினார். அந்தப் பிடியைச் சுற்ற அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"வாங்க, கேண்டீன்ல ஒரு டீ சாப்பிடலாம்" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

அவர் என்னையே பார்த்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நான் குனிந்து அவர் கால்களைப் பார்த்தேன்.

"காலு ரெண்டும் போயிட்டுதுங்க. இனிக் கையின்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. உங்ககிட்ட எல்லாஞ் சொல்லியாச்சு, நீங்க மனசார ஒத்துக்கிட்டீங்க, அதுக்குன்னே இந்தப் படிப்பு படிக்கறீங்கன்னு அம்மா சொன்னாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "உங்கள நெனச்சு நான் சாமிக்கெல்லாம் வேண்டிக்கிட்டனுங்க."

அவர் மேல் கோபப்பட முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஓடிப்போய் வேப்பமரத்தடியில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இப்பப் போயி என்னன்னு கண்ணு கேக்கறது? உப்புச் சக்கர மாத்தியாச்சே."

"என்னையத்தான மாத்தி உட்டிருக்கறீங்க அப்பா."

"மெதுவாப் பேசு, அவங்க காதுல உழுந்துறப் போகுது" என்றார். ஒரு மனுசனுக்குப் பயம் எதில் வரவேண்டுமோ அதில் வராமல் இதில் வந்தால் என்ன செய்வது?

நான் திரும்ப உள்ளே போனேன். அத்தை அங்கே இல்லை. "மேடம், சிறப்புப் பராமரிப்பு வேண்டாம். வளரிளம் பருவமே போடுங்க" என்றேன். "வீட்ல கேட்டாச்சா?" என்றார் மேடம். "வீட்ல யாரும் என்னையக் கேக்கலீங்க மேடம்" என்றேன். அவர் அடித்து மாற்றி எழுதினார்.

வெளியே வந்தால் விடுதி வராந்தா காலியாக இருந்தது. என் பெட்டியைக் காணோம். வாசலில் அம்பாசடரின் டிக்கியில் அது ஏறியிருந்தது. சென்னிமலை கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் கைகட்டி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்டல் சாப்பாடு உனக்கு ஆகாது அம்மணி" என்றார் அத்தை. குரலில் அவ்வளவு பாசம். "நம்மூட்டுலயே இருந்து படிச்சுக்கலாம். மேல ரூம்பு ஒழிச்சு வெச்சாச்சு. அண்ணனுஞ் சரின்னுட்டாரு. ஏறு."

பின் கதவு திறந்திருந்தது. மயில்சாமியின் பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கயிற்றை அவிழ்த்தேன். பெட்டியின் பிடியைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன். அப்பா ஓடிவந்து இன்னொரு பிடியைப் பிடித்தார். எனக்கு ஒத்தாசைக்கு வருகிறார் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன். நான் விடுதிப் பக்கம் இழுத்தேன், அவர் காரின் பக்கம் இழுத்தார். கேட்டில் நின்ற பெண்களெல்லாம் பார்த்தார்கள். "மானத்த வாங்காத கண்ணு" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் கெஞ்சினேன், அழுதேன். அவர் பிடியைத் தளர்த்தவே இல்லை.

"மாமா, உட்டுருங்க" என்று காருக்குள்ளிருந்து மயில்சாமியின் குரல் கேட்டது.

"சரிங்க மாப்ள" என்று அப்பா உடனே விட்டுவிட்டார்.

பெட்டி என் முழங்காலில் வந்து இடித்தது. அதை நான் தனியாகவே விடுதிக்குத் தூக்கிப் போனேன்.