ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரிப்கா

மடவளை ஊர் ரிப்காவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். இரண்டாவது ஆள் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் இருவர் கண்ணிலிருந்தும் அவள் போய்விடுவாள். குரல் மட்டும் நிற்கும். அதையும் ஒருவர் மற்றவருடைய பேச்சாக எடுத்துக்கொள்வார். ஏழு வயதில் தொடங்கிய இந்தச் சங்கதி, கட்டுகஸ்தோட்டை பஸ் பிந்தி வருவதைப் போல ஊருக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடப் படத்தைத் தனியாகப் பார்த்தால் இரண்டாம் வரிசையில் இருப்பாள். தோளுக்குப் பின்னால் இன்னொருவர் எட்டிப் பார்த்தால் அவ்விடத்தில் சுவர்தான் தெரியும். கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே தட்டில் கூடி உண்ணும் சஹனில் அவள் உட்கார்ந்தால், மற்ற ஐவரும் கையைக் கழுவிவிட்டு ஆறாவது ஆளுக்காகக் காத்திருப்பார்கள். சோறு ஆறத் தொடங்கும்போது அவளே எழுந்து இடம் விடுவாள்.

வாப்பா ஹலீமுக்குக் கண்டி டவுனில் துணிக்கடை. உம்மா றம்லத்தும் கடைக்காரக் குடும்பம்தான். தனக்கு வேண்டியதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் ஏமாந்தவர் என்பது அந்த வீட்டுச் சட்டம். மற்றவர் கேட்கும்வரை பொறுத்திருந்து, கேட்டதைக் கொடுத்து, பதிலுக்கு ஒன்றைக் கறந்து, இருவரும் மிகுந்த அன்போடு குடித்தனம் நடத்தினார்கள். மகளைப் பங்குபோட்டுப் பார்த்தார்கள்: காலையில் வாப்பா பிளேன்ரீ குடிக்கும் நேரம் அவருக்கு, அவர் கடைக்குப் போனபின் உம்மாவுக்கு.

ரிப்காவுக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இடமும் கிடைத்தது. உளவியலா, சமூகவியலா என்பதுதான் பாக்கி. சமூகவியல் சுருள் துணி மாதிரி, அதை யாருக்கென்று வெட்டுவது, உளவியல் என்றால் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கலாம் என்றார் வாப்பா. உம்மாவுக்கும் உளவியல்தான், நியாயம் வேறு.

“அந்தப் படிப்புப் படிச்சா ஒன்ட ரூமுக்கு ஒவ்வொராளாத்தானே மகள் வருவாங்க. நாள் முழுக்க ஒன்னக் கண்டுக்கிட்டே ஈப்பாங்க.”

ரிப்கா அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உளவியலை எடுத்தால் ஆயுள் முழுக்க யாராவது ஒருவர் கண்ணில் இருக்கலாம். சமூகவியலில் கூட்டம்தான் பாடம்; கூட்டத்தில் அவள் இல்லை. உளவியல் என்றே முடிவெடுத்தாள்.

ஆனாலும் தொட்டுப் பார்க்காமல் சரக்கெடுக்கிற குடும்பமல்ல. ஆகவே டவுனில் அறை வைத்திருந்த மனநல ஆலோசகர் சண்முகநாதனிடம் உம்மாவோடு போனாள். உம்மா வெளியே இருந்துகொண்டார். யாழ்ப்பாணத்துக்காரரான சண்முகநாதன் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு அவளைப் பார்த்தார்.

“பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. வடிவாத் தெரியிறியள்.”

உண்மைதான், அறையில் அவர் ஒருவர்தானே இருந்தார். நல்ல செய்தி சொல்ல உம்மாவை உள்ளே கூப்பிட்டார். றம்லத் நுழைந்ததும் எதிர்க் கதிரை வெறுமையானது. பிள்ளை போய்விட்டாள் என்று எண்ணி, இனி உங்கட பிரச்சினையைச் சொல்லுங்கோ என்றார். வந்த பயணம் வீணாகக் கூடாதென்று றம்லத்தும் புருஷனைப் பற்றி நெடுநேரம் சொன்னார். வெறுங் கதிரையில் ரிப்கா கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னுடைய நோய் தனக்குள் இல்லை, இரண்டாவது ஆள் வாசலைத் தாண்டும் கணத்தில்தான் அது பிறக்கிறது, ஒற்றை ஆளை எவ்வளவு துருவினாலும் அது அகப்படாது என்று அங்கேதான் அவளுக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பகல் சாப்பாட்டுக்கு மூவரும் மேசையில் இருந்தார்கள். அதாவது, இருவர் தெரிந்தார்கள். ‘நான்’ என்று தொடங்கினால் பலனில்லை என்று ரிப்காவுக்குத் தெரியும்.

“சமூகவியலே படிக்கட்டுமே,” என்றாள்.

ஹலீம் மனைவியைப் பார்த்தார். றம்லத் புருஷனைப் பார்த்தார். எதிராளி வாய் திறந்துவிட்டார் என்று இருவர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

“சரி,” என்றார் ஹலீம். “அப்ப ஒங்கட தம்பியக் கடைக்கு எடுக்கிற கதைய விடணும்.”

“உட்டேன். ஹோல்ல ஈக்கிற துணிக்கட்டெல்லாம் நாளைக்கே போகணும்.”

“போகும்.”

இலாபத்துக்கு விற்ற திருப்தியில் இருவரும் மறுசோறு போட்டுக்கொண்டார்கள். ஏன் சமூகவியல் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரிப்கா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். விரிவுரை மண்டபத்தில் அவள் இருக்கிற இடத்தில் பைகளை வைக்கிறார்கள். மடியில் வாங்கி வைத்துக்கொள்கிறாள். அவள் சொல்லும் விடைக்குப் பக்கத்துப் பிள்ளை பாராட்டு வாங்குகிறது. ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளுக்கு ஆய்வுக்குப் போனால், வெளியாள் வந்திருக்கிறதே என்று அங்கே யாரும் பேச்சை மாற்றுவதில்லை. அதனால் அவளுடைய கட்டுரைகளுக்கு நல்ல பெயர். மகள் ஏன் அந்தப் பாடத்தை எடுத்தாள் என்று ஊரில் கேட்டால், மனைவியின் ஆசை, விட்டுக்கொடுத்தேன் என்பார் ஹலீம். அவர்ட பிடிவாதம் என்பார் றம்லத். தெருவில் தனியே எதிர்ப்படுகிறவர் கேட்டால், நான்தான் எடுத்தேன் என்று ரிப்கா காரணத்தோடு சொல்லத் தொடங்குவாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக் கேட்பார், இன்னொருவர் வந்து சேரும்வரை. பிறகு அவர்கள் இருவரும் மழை வரும்போல் இருக்கிறது என்று பேசிக்கொண்டு நடப்பார்கள். பஸ் நிறுத்தம்வரை ரிப்காவும் கூடவே நடப்பாள்.