கேட்காமல் வாங்கிய சர்வர்

அந்த வீட்டில் “அப்புறம் சொல்றேன்” என்று தள்ளிப்போட்ட பேச்சையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால் கூடத்தில் கால் வைக்க இடம் இருந்திருக்காது. தள்ளிப்போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொல்லும்போது பிறகு சொல்லத்தான் நினைத்தார்கள். அந்தப் பிறகு மட்டும் ஒருநாளும் வரவில்லை.

இதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அக்கா. மருந்துப் பாட்டில் நிரப்பும் ஆலையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். நாமும் அப்படியே கூப்பிடுவோம். கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் வரிசைக்குப் பக்கத்தில் பாதி ஆயுளை நின்று கழித்தவள். காதடைப்பான் வாங்கிக் கொடுக்க ஆலைக்கு மனசு வந்தபோது ஒரு காது போயிருந்தது. இன்னொன்றும் துணைக்குப் போய்விட்டது. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது. தட்டு கீழே விழுந்தால் இடி விழுந்ததாகக் காட்டும். பேச்சை மட்டும் கூழாகக் கரைத்துக் கொடுக்கும். அதனால் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

முகத்துக்கு நேரே பேசினால் அக்காவிடம் ஒரு சொல் தப்பாது. டிவிதான் அவளுக்குப் பரம எதிரி. அங்கே ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவான், ஒருவன் மீசைக்குள்ளேயே பேசுவான், முக்கியமான விஷயத்தை ஆளே இல்லாமல் குரல் மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஓட்டிவிட்டு வரும் கணவரும், பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காரும் மகளும், அடுத்த தெருவிலிருந்து வரும் தம்பியும் சோபாவை நிறைத்துக்கொண்டு சிரிப்புப் படம் பார்ப்பார்கள். வெடித்துச் சிரிப்பார்கள். “என்ன சொன்னான்?” என்பாள் அக்கா. “ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்” என்பாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஒண்ணுமில்லாததற்கா ஒருத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்?

சில நாள் அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வைப்பாள். எதற்கென்று தெரியாமல் சிரிப்பது எவ்வளவு கேவலம் என்று அப்படிச் சிரித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் தம்பி ஒரு யோசனையோடு வந்தான். தம்பிக்குக் குடும்பத்தில் ‘இன்ஜினியர்’ என்று பெயர். ஏசி விற்கிற வேலை. ஆனால் வீட்டில் இணையம் நின்றுபோனால் பெட்டியை அணைத்துப் போடுவது அவன்தான் என்பதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

“அலமாரியில பாதிப் படம், டிராயர்ல பாதிப் படம், இவ லேப்டாப்ல குடும்ப வீடியோ. எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு, வீட்டுக்கே ஒரு மீடியா சர்வர் வச்சிடலாம்க்கா. டிவியிலயும் பாக்கலாம், போன்லயும் பாக்கலாம்.”

“சர்வரா? மேசையில தண்ணி கொண்டாந்து வைப்பாரே, அவரா?” என்றார் கணவர். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பது அவர் வழக்கம்.

“கிட்டத்தட்ட அதேதான் மாமா. யாருக்கு என்ன வேணுமோ கொண்டாந்து கொடுக்கும்.”

இது அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது, தம்பி அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தான். “பணம் நான் போடறேன்” என்றாள். ஆலையில் அவளுக்கு போனஸ் வந்திருந்தது. “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். படத்துக்குக் கீழ தமிழ்ல எழுத்து வரணும். எங்க லேபிள் பிரிவுல ஒருத்திக்கு என்னை மாதிரிதான் காது. அவ வீட்ல சர்வர் வச்சிருக்காங்க. எல்லா டிவிக்கும் தமிழ் எழுத்து போட வராதாம். அப்ப அந்தப் பெட்டியே எழுத்தைப் படத்து மேல பதிச்சு அனுப்பணுமாம். அதுக்குப் பெட்டியில தெம்பு இருக்கணும்னு சொன்னா.”

“அதெல்லாம் தானா வரும்க்கா” என்றான் தம்பி. அவன் கண் ஏற்கனவே போனில் விளக்கு எரியும் ஒரு பெட்டியின் படத்தில் இருந்தது.

கடைக்கு அக்காவும் போனாள். கைப்பையில் ஒரு பென் டிரைவ். அதில் ஒரு படமும் அதற்கான தமிழ் எழுத்துக் கோப்பும். லேபிள் பிரிவுத் தோழி கொடுத்தது. வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் திட்டம். புடவை வாங்கினால் விரித்துப் பார்க்கிறோம், தர்பூசணி வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். இதற்கு மட்டும் என்ன வந்தது?

கடைக்காரர் அவளை ஒருமுறை பார்த்தார், தம்பியை ஒருமுறை பார்த்தார், பிறகு கடைசி வரைக்கும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை டிஸ்க், டிஸ்க் ஒன்று கெட்டால் இன்னொன்றில் நகல் இருக்குமா, மின்சாரம் எவ்வளவு தின்னும், சத்தம் போடுமா என்று பேச்சு பந்தாட்டம் மாதிரி ஓடியது. தம்பி விலைச்சீட்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்கினான். முடியாமல் போனில் படம் எடுத்து விரலால் பெரிதாக்கிப் படித்தான். டாக்டர் கண்ணாடி போடச் சொல்லி வருடமாகிறது. போட்டால் கிழவன் மாதிரி இருக்குமாம்.

“என்னடா சொல்றாரு?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்.”

“இதைப் போட்டுக் காட்டச் சொல்லு.” பென் டிரைவை நீட்டினாள்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “மானத்தை வாங்காதக்கா. கடையில வந்து யாராவது படம் பாப்பாங்களா?” என்று பென் டிரைவை அவள் பையிலேயே திணித்தான்.

வாங்கியது இதுதான்: மின்சாரம் குறைவாகத் தின்னும் ஒரு குட்டிப் பெட்டி, நாலு தலைமுறைக்குப் படம் சேர்க்கிற அளவுக்கு டிஸ்க், விளிம்பைச் சுற்றி ஓடும் நீல விளக்கு. விளக்குக்குத் தனிக் காசு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

தம்பியிடம் பாசத்துக்குக் குறைவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியை அவனே தோளில் சுமந்து வந்தான். வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து, அழகழகான போஸ்டர் காட்டும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, படங்களை ஒவ்வொன்றாக ஏற்றினான். தப்பான படத்துக்குத் தப்பான போஸ்டர் வந்ததையெல்லாம் உட்கார்ந்து மாற்றினான். அக்கா இரண்டு தடவை “எழுத்து?” என்று கேட்டாள். இரண்டு தடவையும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

சனிக்கிழமை வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். நீல விளக்கு ஓடியது. படம் கண்ணாடி போலத் துல்லியமாக விழுந்தது. கதாநாயகன் வாயைத் திறந்தான்.

கீழே ஒரு வரிசைக் கட்டங்கள் வந்தன. காலிக் கட்டங்கள். செங்கல் அடுக்கின மாதிரி ஒழுங்காக வந்து, ஒழுங்காக மறைந்து, அடுத்த வரிசை வந்தது.

“ஒரு நிமிஷம்க்கா.” தம்பி எதையோ மாற்றினான். இப்போது எழுத்து வந்தது. ஆனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம். விபத்தில் சிக்கிய மாதிரி தமிழ் சிதறிக் கிடந்தது. அக்கா எழுத்துக்கூட்டுவதற்குள் கதாநாயகன் வீட்டை விட்டே போய்விட்டான்.

“டிவி சரியில்லக்கா” என்றான் தம்பி. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.

“பெட்டியே பதிச்சு அனுப்பட்டும்டா. அதைத்தானே அன்னைக்கே சொன்னேன்.”

அதையும் தேடிப் பிடித்து மாற்றினான். எழுத்து முத்து முத்தாக வந்தது. ஒரே ஒரு வரி. அந்த வரியோடு படம் அப்படியே நின்றது, ஓர் அடி நகர்ந்தது, மறுபடி நின்றது. குட்டிப் பெட்டிக்கு மூச்சு வாங்கியது. கணவர் கொட்டாவி விட்டார். மகள் போனை எடுத்தாள்.

அப்போது தம்பி அந்தக் காரியத்தைச் செய்தான். ரிமோட்டை அழுத்தி எழுத்தை நிறுத்தினான். படம் தண்ணீராக ஓடியது. எல்லாரும் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்கள். தம்பி சந்தோஷமாக அக்கா பக்கம் திரும்பி, அவளுக்குப் புரியட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னான்.

“பாத்தியாக்கா? எழுத்தை எடுத்துட்டா சூப்பரா ஓடுது.”

ஒரு சொல் தப்பவில்லை அக்காவுக்கு. திரையில் ஒருவன் ஏதோ சொன்னான், மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அக்கா எழுந்தாள். சுவரோரம் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

“என்னம்மா!” என்றாள் மகள்.

“அந்த ஆள் என்ன சொன்னான்?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொல்லுங்க. இப்ப சிரிச்சீங்கல்ல. என்ன சொன்னான்?”

“அது... அந்த இடத்துல பாத்தாதான் சிரிப்பு வரும்” என்றார் கணவர், தரையைப் பார்த்து.

“தலையைத் தூக்கிப் பேசுங்க. தரைக்கா பதில் சொல்றீங்க?” அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும், அவளுக்கு அந்தக் கவலை இல்லை. “செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்க. இந்த வீட்ல செவிடு நான், ஊதினதும் நான்தான். உங்க மூணு பேர் காதுலயும் ஏறல. ஒண்ணே ஒண்ணு வேணும்னேன். விளக்கு கேட்டேனா? போஸ்டர் கேட்டேனா? சர்வர்னா யாருக்கு என்ன வேணும்னு கேட்டுப் பரிமாறணும். என்னை யார்றா கேட்டீங்க?”

“அக்கா, நான் உனக்காகத்தான்...”

“எனக்காகத்தான் எழுத்தை எடுத்தியா? எனக்குத்தான் காது கேக்காது. உங்களுக்கு ஒரு வார்த்தை கேக்கக்கூடத் தெரியாதா?”

தம்பி ரிமோட்டைச் சோபாவில் வைத்தான். அவனுக்கு அழுகை வந்த மாதிரி இருந்தது. அக்காவுக்கும் வந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, வர விடவில்லை.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் தம்பியைத் தேடினார்.

“அவன் வரல. வாங்கினது நான். மூஞ்சியைக் காட்டிப் பேசுங்க, எனக்குக் காது கேக்காது” என்று பென் டிரைவை மேசைமேல் வைத்தாள். “எதுல இது ஒழுங்கா ஓடுதோ அதைக் குடுங்க. ஓடலன்னா காசைக் குடுங்க.”

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் முகத்தைக் காட்டினார். ஓரமாகக் கிடந்த ஒரு டிவியைக் கொண்டுவந்து இணைத்தார். ஒரு பெட்டியில் படம் விக்கியது. இன்னொன்றில் அவர் போட்ட சாஃப்ட்வேர், எழுத்தைப் பதித்து அனுப்பும் வசதிக்கு மாதா மாதம் சந்தா கேட்டது. அக்கா “அடுத்தது” என்றாள். நாலு வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். கடையில் யாராவது படம் பார்ப்பார்களா என்றால், பார்ப்பார்கள்.

கடைசியில் கீழ் அலமாரியிலிருந்து ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டர் வந்தது. யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது, சாம்பல் நிறம், மூலையில் ஒரு கீறல். “இதோட ப்ராசஸரே எழுத்தைப் பதிச்சு வீடியோவை மாத்திக் குடுத்துடும்மா. படம் விக்காது. சாஃப்ட்வேரும் இலவசம், தமிழ் எழுத்துருவை நாமளே உள்ள போட்டுக்கலாம்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “பாக்க நல்லா இருக்காது. லைட்டெல்லாம் வராது.”

“எழுத்து வருமா?”

போட்டுக் காட்டினார். வந்தது. கொம்பு கொம்பின் இடத்தில், கால் காலின் இடத்தில். படம் நிற்கவில்லை. திரையில் ஒரு பாட்டி பேரனிடம் ஏதோ சொன்னாள். கீழே வந்ததைப் படித்து, கடை நடுவில் நின்று, அக்கா சத்தமாகச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்து எத்தனை நாளாயிற்று!

அடுத்த சனிக்கிழமைக்குப் படத்தைத் தேர்ந்தெடுத்தவள் அக்கா. யாரையும் கேட்கவில்லை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ஏதோ ஒரு மொழிப் படம், கீழே தமிழ் எழுத்து. தம்பி வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, படம் ஆரம்பித்த பிறகு மெல்ல வந்து சோபாவின் கடைசியில் உட்கார்ந்தான். சாம்பல் பெட்டியை ஒருமுறை பார்த்தான்.

சாப்பாட்டு மேசையில் மாமியாரும் மருமகனும் மோதும் காட்சி. எழுத்து விழுந்தது. கணவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மகள் குலுங்கினாள். அக்காவும் சிரித்தாள், அதே நொடியில், அவர்களோடு.

தம்பி கண்ணைச் சுருக்கினான். முன்னால் சாய்ந்தான். போனை எடுத்துத் திரையைப் படம் பிடிக்கப் போனான், அதற்குள் வரி மறைந்துவிட்டது. மறுபடியும் மூன்று பேரும் சிரித்தார்கள். அவனும் அரைகுறையாகச் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பை அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

“என்ன? என்ன சொன்னான்?” என்றான்.

கணவர் வாயைத் திறந்தார். அக்கா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

“ஒண்ணுமில்லடா, அப்புறம் சொல்றேன்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கீழே அடுத்த வரி வந்துகொண்டிருந்தது.