மலுமே கீழே நிற்கிறார்

"மாமி, மலுமே கீழை நிக்கிறார். மேலை வரமாட்டாராம்."

யதுர்ஷா மூச்சிரைக்க வந்து நின்றபோது, புஷ்பராணி தம்பியின் மனைவி யோசெப்பினின் கூறைச் சேலையை அயன் செய்துகொண்டிருந்தாள். அதைத்தான் உடம்புக்கு உடுத்துவதென்று இரவே முடிவெடுத்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

"ஏனாம்? லிப்ட் வேலை செய்யேல்லையோ?"

"இல்லை. தனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையாம்."

"என்னத்தை?"

"அம்மா செத்தது."

ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நின்றது. புஷ்பராணி அயனை நிமிர்த்தி வைத்தாள்.

நல்ல கூத்து! சொல்லாமலா அந்த மனிசன் ராத்திரி ரயில் ஏறித் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து நிற்கிறான்? யோசெப்பின் நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். ஒரு மணித்தியாலத்துக்குள் புஷ்பராணியின் மகன் பிரவீணன் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் செய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். விளக்கு, மலர்வளையம், நடுவில் யோசெப்பினின் சிரித்த படம். சுரேனின் அன்பு மனைவியும், யதுர்ஷாவின் பாசமிகு தாயும், புஷ்பராணியின் அன்பு மைத்துனியும் என்று பெயர்கள். கீழே, தகனம் நடைபெறும் நாள் பின்னர் அறியத்தரப்படும் என்று ஒரு வரி. நானூறு பேருக்கு மேல் போயிருக்கும். அது எப்படியோ சுற்றிச் சுற்றி யதுர்ஷாவின் மலுமே, தாய்மாமன் லிம்பானியின் போனுக்கும் போயிருக்கிறது. வாசிக்கத் தெரியாத எழுத்துக்கு நடுவில் தங்கச்சியின் படத்தைப் பார்த்துத்தான் அவன் அறிந்திருக்கிறான். அவன் பெயர் அதில் இல்லை. தாய்மாமன் பெயரை விட்டுப்போட்டோமே என்று புஷ்பராணிக்கு விடியத்தான் உறைத்தது.

சுரேன் சோபாவில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"எழும்படா. போய்ச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா."

"நான் சொல்லக்கூடாது அக்கா. எங்கடை பக்கத்துக்குக் கதைக்கிற ஆள்தான் போகவேணும். அது நீங்கள்தானே."

பன்னிரண்டு வருசத்துக்கு முதல் நடந்த பகிடி அது. பகிடியென்றுதான் அவள் நினைத்திருந்தாள். யோசெப்பின் மலாவியிலிருந்து வந்த செவாப் பெண். அவர்கள் முறைப்படி மாப்பிள்ளை பக்கம் ஒருவர், பெண் பக்கம் ஒருவர் முன்னுக்கு நின்று, ஒரு சேவலும் ஒரு பேடும் கைமாற வேண்டும். ஒஸ்லோவில் உயிர்க்கோழிக்கு எங்கே போவது? புஷ்பராணி ஸ்ட்ரோம்மன் கடையில் உறைந்த கோழி இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். எது சேவல் எது பேடு என்று தெரியாமல் லிம்பானி கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இனி இந்தக் கலியாணத்திலை எது நடந்தாலும் நீங்கள் எனக்குச் சொல்லவேணும், நான் உங்களுக்குச் சொல்லவேணும்" என்றான். அவள் தலையாட்டினாள்.

"இப்ப நான் என்ன சொல்லவேணும்?" என்று சுரேனைக் கேட்டாள்.

"வருத்தம் தொடங்கின நாளிலையிருந்து எல்லாம். கடைசியா என்ன சொன்னவ எண்டதும்."

புஷ்பராணி அயனின் சுவிச்சை அணைத்தாள்.

கடைசியாய்ச் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை, சுரேன் பிள்ளையைக் கூட்டிவரப் போன நேரம், யோசெப்பின் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தமிழிலேயே சொன்னாள். "மச்சாள், என்னை எரிக்க வேண்டாம். மண்ணுக்கை வையுங்கோ." அவள் "ஓம்" என்றாள். சத்தமாய், தெளிவாய், "ஓம்" என்றாள்.

பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பயம். யோசெப்பின் ஒருநாள் குசினியில் நின்று விளங்கப்படுத்தியிருந்தாள். "எங்கடை நாட்டிலை வடக்கை இருக்கிற தும்புக்கா ஆக்கள் உங்களைப்போலைதான், தகப்பன் வழி. நாங்கள் செவா ஆக்கள் தாய் வழி. பிள்ளை தாயின்ரை ஆக்களுக்கு, சொல் தாய்மாமனுக்கு." எரித்தால் நம்முடைய முறை, நம்முடைய ஆள், நம்முடைய பிள்ளை. புதைத்தால் அவர்களுடைய முறை தொடங்கும். யதுர்ஷாவை ஒன்பது மாதமாய்த் தலை இழுத்து, சோறு தீத்திப் படுக்கவைத்தது ஆர்? விடுவாளோ புஷ்பராணி!

பதினொரு மணிக்கு அடக்க அலுவல் பார்க்கும் கொம்பனி ஆள் வருவான். சுரேன் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். இப்போது பத்தேகால்.

அவள் வீட்டுச் செருப்போடு கீழே இறங்கினாள்.

கதவுக்கு வெளியே, பனிக்குள், கறுப்புக் கோட்டோடு லிம்பானி நின்றான். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பான்போல, தோளெல்லாம் வெள்ளை. கை குடுக்கவில்லை. அவளைப் பார்த்தபடி நின்றான்.

அவள் தன் உடைந்த நோர்வேஜியனில் தொடங்கினாள். ஈஸ்டரில் முதுகு நொந்தது. ஓகஸ்டில் கணையத்தில் புற்று என்றார்கள். செப்டெம்பரில் வேலைக்குப் போவதை விட்டாள். பிட்டு இறங்கவில்லை, சோறு இறங்கவில்லை, தன் ஊர்ச் சோளமாக் களி கேட்டாள்.

"ஆர் கிண்டினது?"

"நான்தான். முதல்நாள் கட்டிபட்டுப் போச்சு. அவ சிரிச்சவ. பிறகு பழகிட்டன். கடைசியாச் சாப்பிட்டதும் அதுதான், ரெண்டு வாய்."

அவன் தாடை அசைந்தது. "கடைசியா என்ன சொன்னவள்?"

மேலே ஐந்தாம் மாடி யன்னலில் யதுர்ஷாவின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, நினைவில்லாமல் போனாள் என்றால் போதும். ஆர் கேட்கப்போகிறார்கள்? புஷ்பராணி வாயைத் திறந்தாள். மணிக்கட்டில் அந்த விரல்கள் இன்னும் இருந்தன.

"எரிக்க வேண்டாம் எண்டவ," என்றாள். "மண்ணுக்கை வைக்கச் சொன்னவ. நான் ஓம் எண்டிட்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சுரேனுக்கும் தெரியாது. பிழை என்னிலைதான்."

"ஏன்?"

"பிள்ளையை நீங்கள் கொண்டுபோயிடுவியள் எண்டு."

அழுகை வந்துவிட்டது. நேற்றிலிருந்து வராத அழுகை. அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான், "இப்ப எனக்குத் தெரியும். என்ரை தங்கச்சி செத்துப்போனாள்."

"பிள்ளை?"

"அடக்கம் முடியட்டும். பிறகு நீங்களும் நானும் இருந்து கதைப்பம்."

அவளைக் கடந்து உள்ளே போனான். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினான்.

புஷ்பராணி போனை எடுத்தாள். "பிரவீணன், அந்த நோட்டீஸை மாத்து. தகனத்தை எடுத்துப்போட்டு நல்லடக்கம் எண்டு போடு. லிம்பானியின்ரை பாசமிகு சகோதரி எண்டு முதல் வரியிலை வரவேணும்."

"அம்மா, அது எல்லாருக்கும் போட்டுது. கேட்டா என்ன சொல்றது?"

"கொம்மா பிழை விட்டிட்டா எண்டு சொல்லு."

ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே நிலத்தில் குந்தியிருந்து சுரேன் பெருங்குரலெடுத்து அழுவதும், இன்னொரு குரல் அதோடு சேர்ந்து அழுவதும் கேட்டன.

வாசலில் லிம்பானியின் பெரிய சப்பாத்துகள் பனி உருகித் தண்ணி விட்டுக்கொண்டிருந்தன. யதுர்ஷாவின் சிவப்புப் பூட்ஸ் காலையில் சுவர்ப்பக்கம் இருந்தது. இப்போது அதை யாரோ இழுத்து, அந்தச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நேராய் வைத்திருந்தார்கள்.

புஷ்பராணி குனிந்தாள். ஒன்றையும் அசைக்கவில்லை. தன் நனைந்த செருப்பைக் கழற்றி, பக்கத்தில் மிஞ்சியிருந்த இடத்துக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள்.