சமையலறைத் தண்ணீர்

வெங்காயத் தோலை வேகவைத்து எடுத்த சாயத்தில் வாழைநார்த் தாளை ஊறவைத்து, உலர்த்தி, விரல் நீளத்துக்கு வெட்டுவது அவள் வேலை. தண்ணீரில் ஈயம் கரைந்திருந்தால் தாளின் வெளிர் மஞ்சள் செங்காவியாக மாறும். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'வெங்காயக்காரி' என்றே பெயர்.

சோதிக்க அழுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தது. ஒப்பிடத்தான் நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோனாள். தாள் சிவந்தது.

தாளில்தான் கோளாறு என்று புதிதாக ஒன்று வெட்டினாள். அதுவும் சிவந்தது. பெரிய கருவியில் வைத்துப் பார்த்த சக ஆய்வாளர், "எங்க எடுத்தீங்க இதை? பேட்டரி கம்பெனி பக்கமா?" என்றார்.

"எங்க வீட்டு அடுப்படியில."

அவர் அளவை ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்தார். அவளுக்கு அழுகை வரும்போல் இல்லை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள்.

கணவனுக்குக் குழாய் வேலைதான் தொழில். அவர்கள் வீட்டுக் குழாய் மூட்டுகள் எல்லாவற்றையும் அவனே ஈயம் உருக்கிப் பற்றவைத்திருந்தான்.

"ஏங்க, நம்ம குழாய்க்கு எந்த ஈயம் போட்டீங்க?"

"கடையில எல்லாரும் வாங்குறதுதான். ஏன்?"

குழாயைத் திறந்து தாளை நனைத்துக் காட்டினாள். இருவரும் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத மகள், அந்தத் தாளைக் கேட்டுக் கை நீட்டினாள்.

"இவளுக்குப் பால் பவுடர் கரைச்சது?" என்றான் அவன்.

"இதுலதான்."

மூடியிருந்த குழாயை அவன் மறுபடி இறுக்கினான்.

மகளின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. "இனிமே சேராம பாத்துக்கலாம். மூளையில பட்டது எவ்வளவுன்னு வளர வளரத்தான் தெரியும்" என்றார் மருத்துவர். பஸ் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டவர்கள்போல இருவரும் தலையாட்டினார்கள்.

விடுமுறை நாளில் அவன் குழாய்களை அறுத்தெடுத்து முற்றத்தில் போட்டான்.

"என் மேல உனக்குக் கோவமே வரலையா?"

"தெரியலங்க. எதுவுமே வரமாட்டேங்குது." அறுத்த துண்டொன்றைக் கையில் எடுத்துக் கேட்டாள்: "இதே ஈயம் வேற எங்கெல்லாம் போட்டீங்க?"

"இந்தத் தெரு பூரா நான்தானே."

மறுநாள் அவள் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனோடு நடந்தாள். முதல் வீட்டு அம்மா கதவைத் திறந்து, "என்னப்பா, கூப்பிடாமலே வந்திருக்க? குழாய் ஒண்ணும் ஒழுகலையே" என்று சிரித்தார்.

"ஒழுகலக்கா. ஒட்டுப் போட்டதுலதான் தப்பு. போட்டது நான்."

சிலர் திட்டினார்கள். ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். பிறகு அவரே கூப்பிட்டனுப்பினார். தெரு முழுக்க மூட்டுகளை மாற்றி முடிக்க மழைக்காலம் ஆகிவிட்டது. முதல் வீட்டு அம்மா இப்போதும் அவனோடு பேசுவதில்லை. வழியில் பார்த்தால் மகளை மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.