கோழிக்கூட்டுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நரசிம்மலு பொள்ளாச்சிக்கு வந்து இறங்கினார். பிரமிடு ஆலோசகர். கோவையில் அலுவலகம். கையில் அளவு டேப்.

மெல்வின் அவரைத் தன் கொப்பரைக் களத்துக்கு அழைத்துப் போனான். அங்கே சோலார் டிரையர் நின்றது. இரும்புச் சட்டம், மேலே பாலித்தீன், உள்ளே இந்தப் பருவத்துக் கொப்பரை முழுவதும். இன்னும் பாதிதான் காய்ந்திருந்தது. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். மில்காரன் தொடமாட்டான்.

"இதைப் பிரிச்சுப் போட்டு இங்கேயே பிரமிடு கட்டணும் சார். வெயிலே வேண்டாம். உள்ளே வெச்சது கெடாது," என்றார் நரசிம்மலு.

மெல்வினின் மனைவி கரோலின் டிரையர் கதவை மறித்து நின்றாள்.

"வாஸ்து பாத்தா ஃபாதர் வைவாருன்னீங்களே?"

"இது வாஸ்து இல்ல அம்மணி, சயின்ஸ். யோசேப்பு பஞ்சத்துக்குத் தானியம் சேத்ததே பிரமிடுக்குள்ளதானாம்," என்றான் மெல்வின்.

"பைபிள்ல அப்படி இல்லீங்களே."

"எல்லாத்தையும் எழுதிட்டா இருப்பாங்க?"

நரசிம்மலு குறுக்கிட்டார். "எகிப்துப் பிரமிடு நூத்திநாப்பத்தேழு மீட்டர் உசரம். நூறு கோடியால பெருக்குங்கம்மா. பதினாலு புள்ளி ஏழு கோடி கிலோமீட்டர். சூரியன் இருக்கற தூரம்."

"எதுக்குங்க நூறு கோடி?"

"அப்பத்தானே வரும்?"

கரோலின் அவர் கையிலிருந்த டேப்பை வாங்கினாள். களத்து மூலையில் இருந்த கோழிக்கூட்டை அளந்தாள்.

"ஒன்றரை மீட்டர். பத்தாயிரம் கோடியால பெருக்கினா பதினஞ்சு கோடி கிலோமீட்டர். சூரியன் பதினாலு புள்ளி ஒம்பது ஆறு. உங்க பிரமிடைவிட எங்க கோழிக்கூடு கிட்ட வருதுங்க."

சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மெல்வின் செல்போனில் பெருக்கிப் பார்த்தான். மறுபடியும் பெருக்கினான். கூட்டின் முன் செருப்பைக் கழற்றினான்.

"பழைய கதவை அறுத்து நாந்தானுங்க இதைச் செஞ்சேன். அளவெல்லாம் ஆரும் சொல்லலைங்க."

"சொல்லாம எப்படி சார் வரும்?" நரசிம்மலு கூட்டைச் சுற்றி வந்தார். ஒரு கோழி அவரைக் கொத்தப் பார்த்தது. "பிரமிடு வேண்டாம். இதே வடிவம், இருபது மடங்கு. டிரையர் இருக்கற இடத்துல."

"ஏனுங்க, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நீதான கண்டுபிடிச்சே? உம்பேரைத்தான் வெக்கப்போறேன்," என்றான் மெல்வின். களத்து ஆள் ஆறுச்சாமியைக் கூப்பிட்டான். "பாலித்தீனை அவுத்துப்போடு."

"மானத்தைப் பாருங்க. ஆனைமலைப் பக்கம் மழைக் கருக்கல் கட்டுது," என்றாள் கரோலின்.

"நல்ல சகுனம்," என்றார் நரசிம்மலு.

ஆறுச்சாமி கரோலினைப் பார்த்தான். மெல்வினைப் பார்த்தான். முடிச்சை அவிழ்த்தான். பாலித்தீன் சரிந்தது. முதல் துளி கொப்பரை மேல் விழுந்தது.

கரோலின் டேப்பைச் சுருட்டி நரசிம்மலுவின் கையில் கொடுத்தாள்.

"ஒன்றரை மீட்டர் கூட்டை இருபது மடங்கு பெருசாக் கட்டினா, சூரியனும் அத்தனை தூரம் தள்ளிப் போயிடாதுங்களா?"