சுல்தானாவுக்கு ஒரு முகம்

அந்த வருஷம் பாரிஸ் நகரத்துக்குத் துருக்கிப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு துருக்கியனைக் கண்ணால்கூடக் கண்டிராத சீமாட்டிகள் எல்லாம் தலையில் முண்டாசும் அதில் கொக்கிறகும் இடுப்பில் சரிகைக் கச்சையுமாக ஓபராவுக்குக் கிளம்பினார்கள். முழுக்கை அங்கிமேல் அரைக்கை அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் துருக்கி அங்கியாம். நிஜத் துருக்கிக்காரி பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அதை அந்த மகராசிகளிடம் யார் போய்ச் சொல்வது?

சொல்லத் தெரிந்த ஒருத்தி இருந்தாள், ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். செஃபிரின் என்று பெயர். மேடம் புர்சோவின் அலங்காரக் கடையில் ரிப்பனும் இறகும் தைக்கிறவள், மாடியிலேயே ஓர் அறையில் படுத்துக்கொள்பவள். அப்பா மார்செய் துறைமுகத்துத் துணி வியாபாரி. வியாபாரத்துக்கு கான்ஸ்டாண்டிநோபிள் போய், அந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டவர். செஃபிரின் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்த அப்பாவும் அதிக நாள் இருக்கவில்லை. மிஞ்சியது அம்மாவின் அங்கி ஒன்றுதான். மாதுளம்பூ நிறப் பட்டு, தரை வரைக்கும் முன்பக்கம் திறந்தது, முழங்கைக்குக் கீழே தொங்கும் நீளக் கை.

அதை மடித்துத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவாள். விடியும் நேரத்தில் அந்தக் கனவு வரும். கடலைப் பார்த்த ஜன்னல், அதையொட்டித் தாழ்வான சோபா, அதில் ஒரு காலை மடித்து அம்மா உட்கார்ந்திருப்பாள். அங்கி அவளைச் சுற்றி விரிந்து கிடக்கும். கப்பல்கள் சத்தமில்லாமல் போகும். அம்மா கப்பல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள், இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். விழித்த பிறகு செஃபிரின் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்ப்பாள். ஒன்றும் வராது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் திரும்புவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அங்கி இருக்கிறவரைக்கும் கனவு வரும், அது போனால் அம்மாவும் போய்விடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் மேடம் புர்சோ ஏதோ சல்லாத் துணியைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தவள், தலைமாட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளா ஊமைக் கோட்டானா உட்கார்ந்திருந்தே? கூர்த்மேர் சீமாட்டி சுல்தானா வேஷத்துல படம் எழுதிக்கப் போறாங்க. அசல் துருக்கி உடுப்புதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க!"

"அது எங்கம்மாவோடது மேடம்."

"உங்கம்மாவை நான் ஒண்ணும் கேக்கலடி. படம் முடியற வரைக்கும் உடுப்பைக் குடு."

கத்தரி படக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் செஃபிரின் சம்மதித்தாள். அங்கியைக் கையோடு தானே எடுத்துக்கொண்டு போனாள்.

ஓவியர் வோக்ளேனின் கூடம் செய்ன் நதியைப் பார்த்து இருந்தது. சீமாட்டி நல்ல குண்டு, நல்ல குணம், ஓயாத வாய். திமிங்கில எலும்பு வைத்த மார்க்கச்சை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதன்மேல் அங்கியை மாட்டினால் எப்படிப் பொருந்தும்? முன்பக்கம் சேரவே இல்லை. சோபாவில் சாயச் சொன்னால் பலகையைச் சாய்த்த மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தாள்.

மேடம் புர்சோ மடியிலிருந்து கத்தரியை எடுத்துவிட்டாள். "முதுகுப் பக்கம் ஒரு வெட்டு வெட்டிட்டா சரியாயிடும். படத்துல முதுகா தெரியப் போகுது?"

செஃபிரினுக்கு உயிரே போய்விட்டது. "வேணாம் மேடம்! கச்சைக் கழட்டிட்டாப் போதும். அங்க யாரும் கச்சு போடறதில்ல."

"என்னது, கச்சு இல்லாமலா?" சீமாட்டி அலறினாள். "ஆம்பளை முன்னாடியா? மானம் மரியாதை இருக்கிறவ செய்யற காரியமா அது?"

சுல்தானா ஆக வேண்டும், கச்சும் கழலக் கூடாது! வோக்ளேன் தலையைச் சொறிந்தார். பிறகு செஃபிரினைப் பார்த்தார்.

"சீமாட்டி, நீங்க முகத்தை மட்டும் குடுங்க, போதும். உடம்புக்கு இந்தப் பொண்ணு உட்காரட்டும். பெரிய வீட்டுப் படமெல்லாம் இப்பிடித்தானே நடக்குது?"

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? சீட்டாட்டத்துக்கு நேரமாச்சு எனக்கு!" என்று சீமாட்டி சிட்டாய்ப் பறந்தாள். கத்தரி மடிக்குள் போயிற்று.

செஃபிரின் மறைப்புக்குப் பின்னால் போய் அங்கியை உடுத்தினாள். இதுவரைக்கும் அதை அவள் உடுத்தியதே இல்லை. பட்டு தோளில் வழுக்கி இறங்கி, அளவெடுத்த மாதிரி நின்றது. சோபாவில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"முகத்தை எங்க வேணா வச்சுக்கோம்மா, அது எனக்கு வேண்டாம்," என்றார் வோக்ளேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நதியில் விறகுப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. கண் செருகியது. படகுகளுக்குப் பாய் முளைத்தது, நதி அகலமானது, அக்கரை மறைந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டு தன்னையே பார்க்கிறாள் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆடாதே என்று உத்தரவு, அதனால் திரும்பவில்லை.

"முடிஞ்சுது. வந்து பாரு."

ஓவியத் துணியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அதே கை, அதே மடித்த கால், விரிந்து கிடக்கும் அதே மாதுளம்பூப் பட்டு. ஆனால் முதுகைக் காட்டி அல்ல, இவளைப் பார்த்து. கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் துணி, முட்டை வடிவத்தில். செஃபிரின் குலுங்கிக் குலுங்கி அழுதாள். துக்கத்தில் அல்ல, அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. இன்னும் கொஞ்சம்தான், முகமும் வந்துவிடும். அன்று விடியற்காலைக் கனவில் அம்மாவின் தோள் அசைந்தது. மறுநாள் காதோரம் தெரிந்தது, காதில் ஒரு சின்ன முத்தும்.

அடுத்த வாரம் சீமாட்டி முகம் கொடுக்க வந்தாள். முண்டாசு கட்டிவிடச் செஃபிரினுக்கும் ஆள் வந்தது. சீமாட்டியின் இரண்டு கன்னத்திலும் வட்டமாகச் செஞ்சாயம், உதட்டோரம் கறுப்பு ஒட்டுப்பொட்டு. பேசிக்கொண்டே இருந்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். தூரிகை போகப் போக அந்த வெற்றிடத்தில் ஒரு கன்னம் வந்தது, பிறகு மூக்கு, பிறகு சிரிப்பு. பார்க்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. கண் கேட்டால்தானே!

"அடடா! நான் துருக்கியிலயே பொறந்திருக்கணும்!" என்று சீமாட்டி கைதட்டினாள்.

"கண்ணு பட்டுடும் சீமாட்டி," என்றாள் மேடம் புர்சோ. செஃபிரின் பக்கம் திரும்பி, "நீ ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள்.

மறுநாள் விடியும் நேரத்தில் கனவு வந்தது. கப்பல்கள் போயின. அம்மா திரும்பினாள். செஞ்சாயக் கன்னம், உதட்டோரம் ஒட்டுப்பொட்டு, கூர்த்மேர் சீமாட்டியின் முழுச் சிரிப்பு. அம்மாவின் கைகளை நீட்டிச் சீமாட்டி "வா" என்று கூப்பிட்டாள்.

செஃபிரின் விழித்துக்கொண்டு, கண்ணை மூடி மூடிப் பார்த்தாள். எத்தனை முறை மூடினாலும் சீமாட்டிதான் வந்தாள். முன்பாவது ஒன்றும் வராமல் இருந்தது.

கீழே மேடம் புர்சோவுக்குத் தலைக்கு மேல் வேலை. படத்தைப் பார்த்த சீமாட்டிகள் அத்தனை பேருக்கும் அதே அங்கி வேண்டுமாம். தையலைப் பிரித்தால்தான் அளவு எடுக்க முடியும். செஃபிரின் தரமாட்டாள் என்று மேடமும் கேட்காமலே இருந்தாள். செஃபிரின் படியிறங்கி வந்து அங்கியை மேஜைமேல் விரித்தாள்.

"பிரிச்சுக்கோங்க மேடம். வெட்டணும்னாலும் வெட்டிக்கோங்க."

மேடம் புர்சோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டி, உங்கம்மாவோடதுன்னு அந்தக் குதி குதிச்சியே?"

"இல்ல மேடம். இது சீமாட்டியோடது."

மேடம் புர்சோ கத்தரியை எடுத்தாள். பட்டு நழுவிக்கொண்டே போனது. வெட்ட வாகாகச் செஃபிரின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.