ஆறு மணிச் சாவி

சக்கையின் முன்பல் உடைந்ததற்கு ஷைஜுதான் காரணம். அதை அவன் மறைக்க நினைக்கவில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

சக்கை ஒரு கினிப்பன்றி. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்து ஃபிளாட்டில் ஷைஜுவோடு தங்கியிருந்த லிஜோ வாங்கி, உருண்டையாக இருக்கிறதே என்று பலாப்பழத்தின் மலையாளப் பெயரை வைத்து, வளைகுடாவுக்கு விசா வந்ததும் விட்டுவிட்டுப் போன பிராணி. ஷைஜுவுக்கு அப்போது இரவு வேலை. அமெரிக்காக்காரர்களின் பிரிண்டர் கோளாறுகளை விடிய விடியக் கேட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு வந்து பூட்டில் சாவியைத் திருப்புவான். அந்தச் சத்தத்துக்குச் சக்கை உள்ளே வீல் வீலென்று கத்தும். ஒரு பிடி புல்லைப் போட்டுவிட்டுப் படுப்பான்.

ஓணம் கழிந்த வாரத்தில் ஒருநாள், பாதி அழைப்பில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தவன் பிறகு போகவே இல்லை. பாறசாலையில் இருக்கும் அக்கா ஜெயஷீலாவுக்கு இது தெரியாது. மூன்று மாதமாக மத்தியானம்வரை தூங்கினான். சாவி திரும்பவில்லை. ஆறு மணியானால் சக்கை கூண்டுக் கம்பியைக் கடிக்கத் தொடங்கும். அந்தக் கரகரப்புக்குத் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வான். ஒரு நாள் சத்தம் சட்டென்று நின்றது. நிம்மதி என்று புரண்டு படுத்தான். பதினோரு மணிக்குப் பார்த்தால், கூண்டில் விரித்திருந்த பேப்பரில் பாதிப் பல் கிடந்தது, நொய்யரிசி மாதிரி.

கேரட்டை முழுசாகப் போட்டான். மோந்து பார்த்து, வாயில் வாங்கி, கீழே விட்டது. கோபம் போல என்று இருந்துவிட்டான். கடிக்க முடியவில்லை என்பது மறுநாள், புழுக்கை எள்ளளவாகச் சுருங்கிய பிறகுதான் உறைத்தது.

மிருக டாக்டர் சிஜி உடைந்த முனையை ராவிச் சமப்படுத்தினார். "பல்லு தானே வளரும், கேட்டோ. ரெண்டு மூணு ஆழ்ச்ச, வாரம். அது வரைக்கும் வயறு நிக்கக்கூடாது. குடல் நின்னுபோனா பின்னே பல்லு வந்திட்டு என்ன காரியம்? மூணு மணிக்கூர் கூடும்போ சிரிஞ்சில கொடுக்கணும், ராத்திரியும். முழிச்சிருக்க ஆளுண்டோ?"

"ராத்திரி முழிச்சிருக்கது எனக்குப் பழக்கமாக்கும்."

"அப்போ சரி. ஆனா சிரிஞ்சு மட்டும் போதாது. ஒரு ஆழ்ச்சக்குள்ள தானா சவைக்கத் தொடங்கலைன்னா, அது பொழைக்கிறது பாடாக்கும்."

தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்தான். சக்கையைத் துவாலையில் சுற்றி, வாயின் ஓரத்தில் சிரிஞ்சை நுழைத்து, சொட்டுச் சொட்டாக விட்டான். பாதி உள்ளே போனது. மீதி அவன் சட்டையில். கொய்யாவையும் குடைமிளகாயையும் தீக்குச்சி கனத்துக்கு அரிந்து வைத்தான். தொடவில்லை. சமையலறைத் தராசில் தொள்ளாயிரத்துப் பத்து கிராம் இருந்தது ஐந்தாம் நாள் எழுநூற்று எண்பத்தைந்தில் நின்றது.

தினமும் மாலை ஏழரைக்கு ஜெயஷீலாவின் போன் வரும். குடும்ப ஜெபம். அவள் அங்கே முழங்காலில் நிற்க, இவன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கேட்பான். "ராத்திரி வேலைக்குப் போற எனக்க தம்பியைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்பாள். மூன்று மாதமாக அந்த இடத்தில் கூசாமல் ஆமென் சொல்லிவந்தான்.

அன்றும் மடியில் துவாலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். "ஜெபக்குறிப்பு ஏதும் உண்டா மக்கா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்பதுதான் அவனுடைய வழக்கமான பதில்.

"ஒண்ணு உண்டு. லிஜோவுக்க கினிப்பன்றி பல்லு உடைஞ்சு திங்கமாட்டேங்குது."

"பன்னிக்கா ஜெபம்?"

"பன்னி இல்ல அக்கா. எலி மாதிரி இருக்கும்."

"எலிக்கா! நல்லா வருவே. ஏன்லே திங்கல?"

"தெரியல. முன்ன நான் வேலை விட்டு வந்து சாவி போட்டா கத்திக்கிட்டு திங்கும்."

"முன்னயா? இப்ப நீ வேலை விட்டு வாறதில்லியா?"

இன்னொரு பொய் நாக்கில் தயாராக இருந்தது. சக்கை கையில் நடுங்கிக்கொண்டிருந்தது, கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

"வேலையே இல்ல. ஓணம் கழிஞ்சதும் விட்டாச்சு."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"அப்ப மூணு மாசமா நான் யாருக்காக்கும் ஜெபம் பண்ணினது?"

அவன் சிரிஞ்சின் நுனியைத் துவாலையில் துடைத்தான்.

"வேற எவனோ ராத்திரி வேலைக்காரன் நல்லா இருப்பான். கள்ள ஆமென் சொல்லியிருக்கியே எரப்பாளி." மூக்கை உறிஞ்சினாள். "அந்த எலியும் என்னைப் போலத்தான். நீ வேலைக்குப் போயிட்டு வருவேன்னு நம்பிக் கிடக்கு. அதுக்கிட்டயும் நீ சொல்லல."

எலிக்கு மட்டும் நாலு வரி ஜெபம் செய்தாள். அவன் பெயரை எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷைஜு லுங்கியோடு வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினான். எதிர் ஃபிளாட் ஆஷா பால் பாக்கெட் எடுக்க வந்தவள் நின்றாள்.

"என்ன சேட்டா, பூட்டிப் போச்சா?"

"இல்ல. வேலை விட்டு வாறேன்."

அவள் லுங்கியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவன் சாவியைத் திருப்பினான்.

உள்ளே வீலென்று ஒரு சத்தம். பழைய சத்தத்தில் பாதிதான் இருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கொய்யாக் கீற்று ஒன்றை நீட்டினான். சக்கை முன்பல்லால் கடிக்கப் பார்த்தது, முடியவில்லை. தலையைச் சாய்த்து, வாயின் ஓரத்தால் உள்ளே இழுத்து, கடைவாயில் வைத்து அரைத்தது. இரண்டாவது கீற்றையும் இழுத்தது. மூன்றாவதைக் கீழே விட்டது.

எடை போட்டான். நேற்றைவிட இரண்டு கிராம் குறைவு. புழுக்கையைக் கூட்டி அள்ளிவிட்டு, நாளைக்கு ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்தான்.